தோற்றவர்களைத் தனியாக விடாதீர்கள்!

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. ப்ளஸ் டூ படிக்கும் என் தங்கை மகன், செல்போனைக் கையில் வைத்துக்கொண்டு விழுந்து விழுந்து சிரித்துக்கொண்டிருந்தான்.

"பெரியம்மா, இங்க பாருங்களேன். இந்தம்மா பெரிய சாம்பியனாம். ஒரே உதை... ஆள் காலி!"

வாங்கிப் பார்த்தேன். கம்பி வலைக் கூண்டுக்குள் இரண்டு பெண்கள் சண்டை போடுகிறார்கள். ஒருத்தியின் இடது கால் உயர்ந்து இன்னொருத்தியின் கழுத்தருகே இறங்குகிறது. அடிபட்டவள் மரம் சாய்வது போலச் சாய்கிறாள். அவ்வளவுதான். அந்தக் காட்சியையே திரும்பத் திரும்ப ஓடவிட்டு, பின்னணியில் வேடிக்கையாக ஒரு பாட்டையும் சேர்த்து வைத்திருந்தார்கள்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. காரணம், அந்தப் பெண்ணின் கதை எனக்குத் தெரியும். அவனுக்குச் சொன்னேன். உங்களுக்கும் சொல்கிறேன். "நமக்கும் கூண்டுச் சண்டைக்கும் என்ன சம்பந்தம்?" என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். சம்பந்தம் இருக்கிறது.

34 விநாடியில் ஜெயித்தவர்

அவர் பெயர் ரோண்டா ரௌசி. அமெரிக்கப் பெண். 1987-ல் பிறந்தவர். பிறக்கும்போதே தொப்புள்கொடி கழுத்தைச் சுற்றியிருந்ததாம். சின்ன வயதில் பேச்சு வராமல் சிரமப்பட்டார். பேச்சுப் பயிற்சிக்காகவே குடும்பம் ஊர் விட்டு ஊர் போனது. அப்பாவுக்கு மகள் என்றால் உயிர். ஆனால் பனியில் சறுக்கி விளையாடும்போது அவருக்கு முதுகெலும்பில் பலத்த அடி. ஏற்கனவே ரத்தம் சரியாக உறையாத பிறவிக்கோளாறு வேறு. குணமாக வழியில்லை என்று ஆனபோது, 1995-ல் அவர் தன் உயிரைத் தானே முடித்துக்கொண்டார். அப்போது ரோண்டாவுக்கு எட்டு வயது.

அம்மா லேசுப்பட்டவர் அல்ல. 1984-ல் ஜூடோவில் உலக சாம்பியன் ஆனவர். அந்தப் பட்டத்தை வென்ற முதல் அமெரிக்கர் அவர்தான். மகளும் ஜூடோ விரிப்பில் இறங்கினார். 2008 பெய்ஜிங் ஒலிம்பிக்கில் வெண்கலம். பெண்கள் ஜூடோவில் அமெரிக்காவுக்குக் கிடைத்த முதல் ஒலிம்பிக் பதக்கம் அது. 'பதக்கம் வாங்கியாச்சு, இனி வாழ்க்கை செட்டில்' என்று நினைப்பீர்கள். அதுதான் இல்லை. மது விடுதியில் வேலை பார்த்தார். கொஞ்ச நாள் காரிலேயே படுத்துத் தூங்கினார்.

பிறகுதான் 'மிக்ஸட் மார்ஷியல் ஆர்ட்ஸ்' பக்கம் வந்தார். குத்துச்சண்டை, மல்யுத்தம், ஜூடோ, உதைச்சண்டை எல்லாவற்றையும் ஒன்றாகக் கலந்த போட்டி அது. அதன் மிகப் பெரிய அமைப்பு யு.எஃப்.சி. அதன் தலைவர் டானா வைட், "எங்கள் கூண்டுக்குள் பெண்கள் ஒருநாளும் சண்டை போட மாட்டார்கள்" என்று 2011-ல் சொன்னவர். அதே மனிதர் இந்தப் பெண்ணுக்காகத் தன் சொல்லை மாற்றிக்கொண்டார். யு.எஃப்.சி.யின் முதல் பெண் சாம்பியன் ஆனார் ரோண்டா.

பன்னிரண்டு சண்டை, பன்னிரண்டிலும் வெற்றி! 2015 பிப்ரவரியில் ஒரு சண்டையை 14 விநாடியில் முடித்தார். ஆகஸ்டில் பிரேசிலின் ரியோ நகரில் எதிராளியை 34 விநாடியில் சாய்த்தார். பத்திரிகை அட்டை, சினிமா, விளம்பரம் என்று எங்கே பார்த்தாலும் ரோண்டாதான். 'தோற்கவே தெரியாதவர்' என்றே அவருக்குப் பெயர் ஆகிவிட்டது.

ஆபத்து ஆரம்பித்தது அங்கேதான் என்பது என் அபிப்பிராயம்.

தலையணைக்குப் பின்னால் ஒரு முகம்

2015 நவம்பர் 15. ஆஸ்திரேலியாவின் மெல்போர்ன். மைதானத்தில் 56 ஆயிரத்துக்கும் மேற்பட்ட கூட்டம். எதிரே நின்றவர் ஹாலி ஹோம். குத்துச்சண்டையில் உலகப் பட்டம் வென்றவர். முதல் சுற்றிலேயே ரோண்டாவின் உதடு கிழிந்தது. இரண்டாவது சுற்றின் 59-வது விநாடியில், என் தங்கை மகன் பார்த்துச் சிரித்த அந்த உதை.

அதற்குப் பிறகு நடந்ததுதான் கொடுமை. உலகமே சிரித்தது. விழுந்து கிடக்கும் படத்தை வெட்டி ஒட்டி ஆயிரம் கேலிச்சித்திரங்கள். பிரபல பாடகி லேடி காகா, "கைகொடுக்க மறுத்தவளுக்கு இதுதான் பலன்" என்ற பொருளில் எழுதினார். அப்போது அதிபர் பதவிக்குப் போட்டியிட முனைந்திருந்த டொனால்ட் டிரம்ப், அவர் தோற்றதில் தனக்குச் சந்தோஷம் என்று பகிரங்கமாகப் பதிவு போட்டார். ஊர் திரும்பிய ரோண்டா, லாஸ் ஏஞ்சலீஸ் விமான நிலையத்தில் கேமராக்கள் மொய்க்க, தலையணையால் முகத்தை மறைத்துக்கொண்டு நடந்தார்.

யோசித்துப் பாருங்கள். மூன்று மாதத்துக்கு முன்னால் இதே முகத்தைப் பார்க்கத்தானே கூட்டம் அலைமோதியது?

நியாயமாக ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். ரோண்டாவும் அடக்க ஒடுக்கமான ஆள் இல்லை. எதிராளிகளை வாய்க்கு வந்தபடி பேசியவர். மெல்போர்னில் எடை பார்க்கும் மேடையிலேயே ஹாலியோடு மல்லுக்கு நின்றவர். "திமிர் பிடிச்சவளுக்கு நல்லா வேணும்" என்று பலர் சொன்னதற்கு அதுதான் காரணம். இருக்கட்டும். திமிருக்குத் தண்டனை தோல்வி என்றால், அது கூண்டுக்குள்ளேயே கிடைத்துவிட்டதே! கூண்டுக்கு வெளியே நாம் ஏன் இன்னொரு தண்டனை கொடுக்க வேண்டும்?

அந்த அறையில் என்ன நடந்தது?

மூன்று மாதம் கழித்து, 2016 பிப்ரவரியில், ஒரு தொலைக்காட்சி நிகழ்ச்சியில் ரோண்டா வாய்திறந்தார். சண்டை முடிந்து, மைதானத்தின் மருத்துவ அறையில் ஒரு மூலையில் உட்கார்ந்திருந்தபோது, 'நான் சாம்பியன் இல்லை என்றால் வேறு யார்? இது இல்லாவிட்டால் என்னை யார் மதிப்பார்கள்?' என்று தோன்றியதாம். உயிரை விட்டுவிடலாம் என்ற எண்ணமே வந்துவிட்டதாம். கண்ணீரோடு சொன்னார்.

அடுத்து அவர் சொன்னதைத்தான் நீங்கள் கவனிக்க வேண்டும். அந்த நேரத்தில் நிமிர்ந்து பார்த்திருக்கிறார். எதிரே, பின்னாளில் அவர் கணவரான டிராவிஸ் பிரவுன் நின்றுகொண்டிருந்தார். 'இல்லை, இவரோடு வாழவேண்டும், குழந்தை பெறவேண்டும், உயிரோடு இருக்கவேண்டும்' என்று மனசு திரும்பியதாம்.

டிராவிஸ் அப்போது பெரிய அறிவுரை சொன்னதாகவோ, தத்துவம் பேசியதாகவோ ரோண்டா சொல்லவில்லை. அவர் அங்கே இருந்தார். அவ்வளவுதான்!

இந்தக் கட்டுரையில் நான் சொல்ல வந்தது இந்த ஒரு விஷயம்தான். தோற்று வந்தவருக்கு முதல் மருந்து விளக்கமும் அல்ல, ஊக்கப் பேச்சும் அல்ல. பக்கத்தில் ஓர் ஆள். கேள்வி கேட்காத ஓர் ஆள்.

மனசா, மூளையா?

இங்கே உடம்பு சம்பந்தமான ஒரு விஷயத்தையும் சொல்லவேண்டும். தலையில் பலமாக அடிபட்டால் மூளை மண்டையோட்டுக்குள் குலுங்குகிறது. டாக்டர்கள் இதைக் 'கன்கஷன்' என்பார்கள். நினைவு தப்பினால்தான் கன்கஷன் என்று பலர் நினைக்கிறோம். அது தப்பு. மயக்கமே போடாமலும் வரலாம். தலைவலி, தலைசுற்றல், வெளிச்சம் பட்டால் கண் கூசுவது, மறதி, தூக்கம் கெடுவது... இவற்றோடு எரிச்சலும், காரணம் இல்லாத அழுகையும், மனச்சோர்வும்கூட அதன் அறிகுறிகள்தான்.

ரோண்டா 2024-ல் வெளியிட்ட தன் இரண்டாவது சுயசரிதையில் ஓர் உண்மையை உடைத்தார். ஜூடோ காலத்திலிருந்தே தனக்குப் பலமுறை கன்கஷன் ஏற்பட்டிருக்கிறது, வெளியே தெரிந்தால் ஆட விடமாட்டார்கள் என்று பயந்து மறைத்தே வந்தேன் என்றார். உலகம் 'மனசு உடைஞ்ச பொண்ணு' என்று மட்டும் பார்த்தது. அவர் மூளையும் அடிபட்டுக் கிடந்தது யாருக்குத் தெரியும்?

அதனால்தான் சொல்கிறேன். கிரிக்கெட்டோ, கபடியோ, பைக்கிலிருந்து விழுந்ததோ, தலையில் அடிபட்ட பிள்ளை அதற்கப்புறம் சிடுசிடுவென்று இருந்தால், "கொழுப்பு" என்று திட்டாதீர்கள். டாக்டரிடம் காட்டுங்கள். திரும்பத் திரும்ப வாந்தி, வலிப்பு, குழறும் பேச்சு, எழுப்பினாலும் எழ முடியாத தூக்கம், ஒரு கண்மணி மட்டும் பெரிதாகத் தெரிவது... இதில் ஒன்று இருந்தாலும் ஒரு நிமிஷம்கூடத் தாமதிக்காமல் ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். முதல் அடி ஆறுவதற்குள் இரண்டாவது அடி விழுந்தால் அது மிகவும் ஆபத்து.

ரோண்டாவின் அப்பா கதையையும் இந்த இடத்தில் நினைத்துக்கொள்ளுங்கள். குடும்பத்தில் ஒருவர் தற்கொலை செய்துகொண்டிருந்தால் மற்றவர்களுக்கும் அபாயம் சற்றுக் கூடுதல் என்பது மருத்துவம் கண்ட உண்மை. பயப்படுவதற்காகச் சொல்லவில்லை. அது தலையெழுத்து அல்ல. ஆனால் அப்படிப்பட்ட வீடுகளில் கொஞ்சம் கூடுதலாகக் கண் வைத்திருப்பது நல்லது.

இரண்டாவது அடி

ரோண்டா மறுபடி கூண்டுக்கு வந்தது 2016 டிசம்பர் 30 அன்று. இடம் லாஸ் வேகஸ். பதின்மூன்று மாதங்களாகப் பத்திரிகைக்காரர்கள் அவரை விடவில்லை. இந்தச் சண்டைக்கு முன் பேட்டியே தரமாட்டேன் என்று சொல்லிவிட்டார். எதிரே பிரேசிலின் அமண்டா நூனஸ். 48 விநாடி! அதற்குள் முடிந்துவிட்டது. அடிமேல் அடி வாங்கி ரோண்டா தள்ளாட, நடுவர் குறுக்கே புகுந்து நிறுத்தினார்.

34 விநாடியில் ஜெயித்தபோது கைதட்டிய அதே உலகம், 48 விநாடியில் தோற்றபோது மறுபடி சிரித்தது.

பிறகு என்ன ஆனார்? பின்னாளில் அவரே சொன்னார். நிறைய அழுதாராம். யாரையும் பார்க்காமல் ஒதுங்கி இருந்தாராம். டிராவிஸ் தன்னை அணைத்துக்கொண்டு அழவிட்டார், அது இரண்டு வருஷம் நீடித்தது என்றார். இரண்டு வருஷம்!

நம் வீடுகளில் எத்தனை நாள் அழவிடுவோம்? ஒரு நாள்? இரண்டு நாள்? மூன்றாம் நாள், "போதும் போதும், எழுந்து வேலையைப் பாரு. ஊர் உலகத்துல யாரும் தோக்கலையா?" என்று ஆரம்பித்துவிடுவோம். சொல்வது அன்பினால்தான். ஆனால் கேட்பவர் காதில், 'உன் அழுகை எங்களுக்குத் தொந்தரவு' என்றுதான் விழுகிறது. அப்புறம் அவர்கள் நம் எதிரில் அழமாட்டார்கள். தனியாக அழுவார்கள். அதுதான் ஆபத்து.

செங்கல்லைச் சுமந்தவர்

"அப்படியானால் தோல்வியிலிருந்து பாடமே கற்க வேண்டாமா?" என்று கேட்பீர்கள். கற்க வேண்டும். ஆனால் அதற்கு ஒரு வரிசை இருக்கிறது. அதே கூண்டிலிருந்தே இன்னொரு உதாரணம் சொல்கிறேன்.

கனடாவைச் சேர்ந்த ஜார்ஜ் செயின்ட் பியர். 2007 ஏப்ரலில், 'இவரெல்லாம் ஒரு போட்டியா' என்று எல்லோரும் அலட்சியமாக நினைத்த மாட் செரா என்பவரிடம் முதல் சுற்றிலேயே சுருண்டு பட்டத்தை இழந்தார். அவமானம் அவரைத் தூங்கவிடவில்லை. அவர் என்ன செய்தார் தெரியுமா? ஒரு மனநலப் பயிற்சியாளரிடம் போனார். அவர் ஒரு செங்கல்லைக் கொடுத்து, "இதில் உன்னைத் தோற்கடித்தவர் பெயரை எழுது. சுமந்துகொண்டு திரி. விட்டுவிடத் தயார் என்று தோன்றும்போது ஆற்றில் எறிந்துவிடு" என்றாராம். அப்படியே செய்தார். 2008 ஏப்ரலில், சொந்த நாட்டின் மான்ட்ரியாலில், அதே செராவை வென்று பட்டத்தை மீட்டார். அதற்குப்பின் 2013 வரை அதை யாரிடமும் இழக்கவில்லை.

கவனியுங்கள். செங்கல்லை வீசினால் ஜெயித்துவிடலாம் என்று நான் சொல்ல வரவில்லை. இத்தனை பலசாலியான மனிதர், 'எனக்கு உதவி வேணும்' என்று இன்னொருவரிடம் போனாரே, அதைச் சொல்கிறேன். முதலில் மனசின் பாரத்தை இறக்கினார். பட்டம் திரும்பி வந்தது பிறகுதான். நாம் தலைகீழாகச் செய்கிறோம். பாரத்தோடு நிற்பவரிடமே பாடம் நடத்துகிறோம்.

இன்னொன்றும் உண்டு. அதே செயின்ட் பியர் 2013 டிசம்பரில், ஜெயித்துக்கொண்டிருக்கும்போதே, மன அழுத்தம் தாங்கவில்லை என்று பட்டத்தைத் துறந்து விலகினார். நான்கு வருஷம் கழித்து, 2017 நவம்பரில் திரும்பி வந்து இன்னொரு எடைப் பிரிவில் பட்டம் வென்றார். ஆக, மனசு நோவது தோற்றவருக்கு மட்டும் அல்ல. 'ஜெயித்தே ஆகவேண்டும்' என்று நாம் ஏற்றி வைக்கும் சுமை ஜெயிப்பவரையும் அழுத்துகிறது.

உங்கள் வீட்டுக் கூண்டு

இப்போது உங்கள் வீட்டுக்கு வாருங்கள். உங்கள் வீட்டில் யாரும் கூண்டுக்குள் சண்டை போடவில்லைதான். ஆனால் பரீட்சையில் கோட்டைவிட்ட மகள், வியாபாரத்தில் கையைச் சுட்டுக்கொண்ட கணவர், இன்டர்வியூவுக்குப் போய்ப் போய்த் திரும்பும் தம்பி, நிச்சயதார்த்தம் நின்றுபோன அக்கா... யாரோ ஒருவர் இன்றைக்குத் தலையணையால் முகத்தை மூடிக்கொண்டுதான் உள்ளே வருகிறார். நமக்குத்தான் தெரிவதில்லை.

அவர்களிடம் "ஏன் தோற்றாய்?" என்று முதலில் கேட்காதீர்கள். "சாப்பிட்டியா?" என்று கேளுங்கள். பக்கத்தில் உட்காருங்கள். பேசினால் காது கொடுங்கள். பேசாவிட்டால் விட்டுவிடுங்கள். எதிர்வீட்டுப் பிள்ளையோடு ஒப்பிடாதீர்கள். சொந்தக்காரர்கள் போன் செய்து துருவினால், "அப்புறம் பேசறேன்" என்று நீங்களே நடுவில் புகுந்து தடுங்கள். கூண்டில் நடுவர் குறுக்கே புகுந்தாரே, அந்த வேலை வீட்டில் உங்களுடையது.

இரண்டு வாரத்துக்கு மேல் சோர்வு, தூக்கமின்மை, சாப்பாட்டில் வெறுப்பு, பிடித்த விஷயத்தில்கூட நாட்டம் இல்லாமை இருந்தால் அது வெறும் வருத்தம் இல்லை. டிப்ரஷனாக இருக்கலாம். மனநல மருத்துவரைப் பாருங்கள். "பைத்தியக்கார டாக்டர்கிட்டயா?" என்ற பேச்சு இன்னமும் சில வீடுகளில் இருக்கிறது. ஜுரத்துக்கு டாக்டர், மனசுக்கு மட்டும் வெட்கமா?

"நான் இல்லாட்டி உங்களுக்கெல்லாம் நிம்மதி" என்கிற மாதிரி ஒரு பேச்சு வந்தால், விளையாட்டாக விட்டுவிடாதீர்கள். அதற்கு இரண்டு வாரம் காத்திருக்கவும் வேண்டாம். "சாகணும்னு தோணுதா?" என்று நேராக, நிதானமாகக் கேளுங்கள். அப்படிக் கேட்டால் இல்லாத எண்ணத்தை நாமே விதைத்துவிடுவோமோ என்று பயப்படவேண்டாம். கேட்பதால் அந்த எண்ணம் வருவதில்லை. அடைத்துக் கிடந்தது வெளியே வரத்தான் வழி பிறக்கிறது. அவரைத் தனியாக விடாமல், உடனே மருத்துவ உதவிக்கு ஏற்பாடு செய்யுங்கள். மத்திய அரசின் 'டெலி மானஸ்' எண் 14416. கட்டணம் இல்லை. இருபத்துநாலு மணி நேரமும் உண்டு. தமிழிலேயே பேசலாம். தமிழ்நாட்டில் 104 என்ற எண்ணுக்கும் போன் செய்யலாம். இந்த இரண்டு எண்களையும் இப்போதே காலண்டர் ஓரத்தில் குறித்துவையுங்கள்.

எல்லாவற்றுக்கும் மேலாக, தோல்வி வருவதற்கு முன்பே செய்யவேண்டிய வேலை ஒன்று இருக்கிறது. பிள்ளையை 'எங்க வீட்டு ஃபர்ஸ்ட் ரேங்க்' என்று மட்டுமே அறிமுகப்படுத்தாதீர்கள். ரேங்க் போனால் அந்தப் பிள்ளைக்குப் பெயரே இல்லாமல் போய்விடும். 'நான் சாம்பியன் இல்லை என்றால் வேறு யார்?' என்று ரோண்டா கேட்ட கேள்விக்கு நம் பிள்ளைகளிடம் முன்கூட்டியே நாலு பதில் இருக்கட்டும். நன்றாகக் கோலம் போடுகிறவள், தாத்தாவுக்கு மருந்து எடுத்துக் கொடுக்கிறவன், தெரு நாய்க்குச் சோறு வைக்கிறவள் என்று.

ரோண்டாவுக்கும் அப்படிப் பல பதில்கள் பிறகு கிடைத்தன. 2017-ல் கல்யாணம். 2018-ல் யு.எஃப்.சி.யின் புகழ் மண்டபத்தில் இடம் பெற்ற முதல் பெண் என்ற கௌரவம். 2021-ல் பெண் குழந்தை. அந்த மருத்துவ அறையில், அந்த மூலையில், எதிரே யாருமே நிற்காமல் போயிருந்தால்? நினைக்கவே நெஞ்சு பதறுகிறது.

கதையைக் கேட்டு முடித்ததும் என் தங்கை மகன் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "போன வாரம் எங்க கிளாஸ்ல ஒருத்தன் ஃபெயிலானதை வீடியோ எடுத்து குரூப்ல போட்டுட்டாங்க, பெரியம்மா" என்றான்.

"அவன் இப்ப எப்படி இருக்கான்?"

"தெரியல. ஸ்கூலுக்கு வரல."

"அவன் வீடு எங்கேன்னு தெரியுமா?"

தெரியும் என்றான். "அப்போ எழுந்திரு. போய்ப் பார்த்துட்டு வா. ஒண்ணும் பேச வேணாம். பக்கத்துல உட்கார்ந்துட்டு வா, போதும்" என்று அனுப்பிவைத்தேன்.

உங்களுக்குத் தெரிந்த அப்படிப்பட்ட வீடு எது? இந்தப் பக்கத்தை மூடிவைத்துவிட்டு, இன்றைக்கே ஒரு நடை போய்வாருங்களேன்!